எது ஃபர்ஸ்ட்?

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய நந்திதுர்க் லைன் வீட்டில் தனியாக இருக்கும் நவநீதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மட்டும்தான் போன் வரும். பெங்களூரில் மகள் வீட்டோடு போய்விட்ட சிநேகிதி சரோஜா கூப்பிடுவாள்.

"எண்பத்தாறுல வந்த படத்துலயே தங்கச்சி படம்தான் ஃபர்ஸ்ட். இன்னா அழுகை அழுதோம் ரெண்டு பேரும்" என்று ஆரம்பித்தாள் சரோஜா.

"போமே, கப்பல் படம்தான் ஃபர்ஸ்ட். தங்கச்சி படம் மூணாவதுதான்."

வாரா வாரம் இதே சண்டை. இந்த வாரம் சரோஜா சட்டென்று இறங்கி வந்தாள்.

"சரி, கப்பல் படமே ஃபர்ஸ்ட்டா இருக்கட்டும். வேற இன்னா விசேஷம்?"

நவநீதம் யோசித்துப் பார்த்தாள். சொல்ல ஒன்றும் இல்லை.

"அப்போ வெச்சிடட்டா?"

"இருமே. இப்போ நெனச்சுப் பார்த்தா தங்கச்சி படம்தான் ஃபர்ஸ்ட்டுன்னு தோணுது."

"இத்தினி நாளா கப்பல் கப்பல்னு என் உயிரை வாங்கிட்டு, இப்போ மாத்திப் பேசறியா? அந்தப் படத்துல அப்படி இன்னா கொறை கண்டுட்ட? சொல்லு."

சரோஜா மறுபடி சூடாகிவிட்டாள். இனி அரை மணிக்குக் குறையாது. நவநீதம் நிம்மதியாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

என்ன குறை சொல்வது என்றுதான் தெரியவில்லை. கப்பல் படத்தை அவள் பார்த்ததே இல்லை.