சூடு வீணாகக் கூடாது

“கழட்டணுமா? நல்லா ஓடுற ஹீட்டரை எதுக்குக்கா கழட்டச் சொல்றீங்க?”

கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டான் மெக்கானிக். அவள் யாருக்கும் பதில் சொல்வதை விட்டே ஆறு மாதம் ஆகிறது. காலையில் எழுந்திருப்பாள். முகம் கழுவுவாள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள். இருட்டினால் படுப்பாள். அவ்வளவுதான் அவள் பிழைப்பு.

அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. அதை இவன் முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் கூப்பிட்டாள். கேட்ட பிறகு இவன் எக்கேடு கெட்டால் என்ன, தான் இருந்தால் என்ன, போனால் என்ன!

“என்னை ஞாபகம் இருக்கா தம்பி?”

“மறப்பேனா? ‘எம் பொண்ணு குளிக்கப் போனா வெளியவே வர மாட்டேங்கிறா, தண்ணியும் காஸும் கரையுது, ஏதாவது வழி பண்ணு’ன்னு கூப்பிட்டீங்களே!” விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். “ஷவரைச் சின்னதா மாத்தினேன். வெந்நீர் பைப்புக்கு உறை போட்டேன். சூடு வர்றதுக்கு முன்னாடி வர்ற பச்சைத் தண்ணிய வாளில பிடிச்சுப் பாத்திரம் கழுவச் சொன்னேன். இப்ப நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, காஸ் செலவு குறைஞ்சுதா இல்லையா?”

“குறைஞ்சுது.”

பொய்யில்லை. அன்றைக்கு ஹீட்டருக்கு வாங்கிய சிலிண்டர் இன்னும் தீரவில்லை. அவள் பின்பக்கக் குழாயடியில் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறாள். அதுவும் குளிக்க வேண்டும் என்று ஞாபகம் வருகிற நாளில்.

“பாத்தீங்களா! எங்க பக்கத்துல எனக்குப் பேரே ‘மிச்சம்’தான்க்கா. ‘மிச்சத்தைக் கூப்பிடு’ன்னுதான் சொல்வாங்க.” தன் பெருமையைத் தானே சொல்லித் தானே சிரித்தான். “ஆமா, பொண்ணு எங்க?”

அவள் குளியலறைப் பக்கம் கையை மட்டும் நீட்டினாள்.

வளவளவென்று பேசாமல் வேலையைப் பார் என்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து அவன் உள்ளே போனான்.

குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்கியது. நிலைச் சட்டம் நீளமாகப் பிளந்திருந்தது.

“என்னக்கா இது, யானை முட்டின மாதிரி இருக்கு!”

அவள் குளியலறைப் படிக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றாள். அந்தப் படியைத் தாண்ட அவளுக்குக் கால் வருவதில்லை. பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தாள். கொக்கியில் ஒரு நீலத் துண்டு காய்ந்து விறைத்துத் தொங்கியது. அதை எடுத்து மடித்து வைக்கவும் அவளால் முடியவில்லை.

உள்ளேயிருந்து அவன் கத்தினான். “ஐயையோ! யாரு இந்த மேல் ஜன்னலைத் திறந்து விட்டது? ஷீட்டை வெச்சு, சுத்திப் பசை போட்டு, காத்துகூடப் புகாம அடைச்சுக் கொடுத்தேனே!”

“திறந்துதான் ஆகணும்னு சொன்னாங்க.”

“எவன் சொன்னான்? சூடு வீணாகக் கூடாதுன்னு யோசிச்சு யோசிச்சுப் பண்ணினது. மொதல்ல உங்க வீட்டுலதான் செஞ்சு பாத்தேன். நீங்க ஒண்ணும் குறை சொல்லலையா, சரி நல்லாத்தான் இருக்கும்னு போன வாரம் எங்க வீட்டுலயும் அதே மாதிரி அடைச்சுட்டேன். எங்க வீட்டுலயும் இதே காஸ் ஹீட்டர்தான்.”

இவனுக்கு ஒன்றுமே தெரியாது. யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இப்போது கேட்டுவிட வேண்டியதுதான் என்று அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்பானரை எடுத்தான். அவன் மனைவி பேசினாள்.

“என்னங்க, பெரியவ குளிக்கப் போய் அரை மணி நேரம் ஆச்சு. தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கு. கதவைத் தட்டினா ஏன்னுகூடக் கேக்க மாட்டேங்கிறா.”

“பாட்டுல மூழ்கிக் கிடப்பா. வெளிய இருக்கிற வால்வை மூடு. தண்ணி நின்னா தானா ஓடி வரப்போறா.”

“இப்பதான் மூடினேன். வரட்டும், இருக்கு அவளுக்கு. எனக்கு அடுப்புல வேலை கிடக்கு.”

போன் அணைந்தது. அவன் தலையை ஆட்டிக்கொண்டே ஹீட்டரின் திருகில் ஸ்பானரை மாட்டினான். “எல்லா வீட்டுலயும் இதே கதைதான்க்கா.”

எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஆறு மாதமாகத் தாண்டாத படியைத் தாண்டி உள்ளே வந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். கேட்க வைத்திருந்த கேள்வி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“போனைப் போடு! கதவை உடைக்கச் சொல்லு! இப்பவே உடைக்கச் சொல்லு!”

“என்னக்கா... என்ன ஆச்சு உங்களுக்கு?”

“காஸ் எரிஞ்சு வர்ற விஷக் காத்து வெளிய போக வழியில்லடா! அதுக்கு வாசனையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. உள்ள மயங்கிக் கிடப்பா! அன்னிக்கு நானும் இப்படித்தான் வால்வை மூடிட்டு, தானா வரப்போறான்னு அடுப்படிக்குப் போனேன்டா!”