தம்பி சொன்ன அர்த்தம்

"அப்பாவோட வீட்டை விக்க உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்று பதிவு அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தூலக்," என்றேன்.

"என்னது?"

"தூலக்."

பக்கத்தில் நின்ற தம்பிக்கு முகம் வியர்த்துவிட்டது. "சின்ன வயசுல நாங்க ரெண்டு பேரும் உண்டாக்கின பாஷை சார். அப்பா காதுல விழக்கூடாததையெல்லாம் அதுலதான் பேசுவோம். புருஷன் வீட்டுலேருந்து திரும்பி வந்ததுலேருந்தே அக்காவுக்கு மனசு சரியில்ல."

"அதெல்லாம் இருக்கட்டும். இதுக்கு என்ன அர்த்தம்?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை.

"சம்மதம்னு அர்த்தம் சார்."

அதிகாரி முத்திரையைக் கையில் எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க சார்," என்றேன். "அந்தப் பாஷையில நாங்க முதல்ல உண்டாக்கின வார்த்தையே இதுதான். மாட்டேன்னு அர்த்தம். என்னைப் பெண் கேட்டு வந்த அன்னைக்கும் இவன்கிட்ட இதைத்தான் சொன்னேன். அப்பாகிட்ட நேரா சொல்ல எனக்குத் தைரியம் இல்ல, எனக்காக இவன் சொல்லுவான்னு நம்பினேன். 'அக்காவுக்குச் சம்மதம்'னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டான்."

தம்பி பல்லைக் கடித்தான். "இன்னும் எத்தனை தடவைக்கா அதையே பேசுவ? அப்பா எதிர்லயே உட்கார்ந்திருந்தாரு. பயத்துல அப்படிச் சொல்லிட்டேன்."

"இத்தனை வருஷமா நீ அதைத்தான் சொல்றே. நானும் நம்பிட்டுத்தான் இருந்தேன்."

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இன்னைக்கு இங்க அப்பா இல்லையேடா."