நடுவில் ஆடும் பிள்ளை

பள்ளி ஆண்டு விழாவுக்கு நேரில் வந்த ஒரே தாய் புவனேஸ்வரிதான். மற்ற பெற்றோர் வீட்டிலிருந்தே நேரலையில் பார்த்தார்கள்.

மேடையில் எட்டுப் பேர் ஆடினார்கள். அவர்களில் மகள் இதழினி இல்லை. தேடிப் போனவள், அறிவியல் ஆய்வகத்தில் முப்பது பிள்ளைகளோடு அவள் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். எல்லோருக்கும் முகத்தில் ஒப்பனை இருந்தது. இதழினியின் வலது காலில், அவள் நடக்க எப்போதும் மாட்டியிருக்கும் இரும்புக் காலிப்பர்.

“இவங்கள ஏன் டீச்சர் இங்க அடைச்சு வச்சிருக்கீங்க?” என்று காவலுக்கு நின்ற ஆசிரியையைக் கேட்டாள்.

“இவங்க முகத்த மட்டும் கேமராவுல எடுத்துக்கிட்டோம்மா, அது போதும். மேடையில ஆடுறவங்க மேல கம்ப்யூட்டரே அத ஒட்டிரும். வீட்ல பாக்குற ஒவ்வொருத்தருக்கும் அவங்க பிள்ளதான் நடுவுல ஆடும். நீங்க எதுக்கு நேர்ல வந்தீங்க?”

அப்போது மஸ்கட்டிலிருந்து கணவர் அழைத்தார். அவரும் அங்கிருந்து நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புவனா, பாத்தியா? எப்படிக் குதிச்சுக் குதிச்சு ஆடுறா! கால் எப்ப சரியாச்சு? எங்கிட்ட ஏன் சொல்லல?”

புவனேஸ்வரி வாய் திறப்பதற்குள் இதழினி கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதாம்ப்பா சொல்லல” என்றாள்.

அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்து இணைப்பைத் துண்டித்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“அடுத்த வருஷம் நீயும் வீட்லயே பாரும்மா. நான் நல்லா ஆடுவேன்.”