பட்டியலில் ஆறாவது பெயர்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா, பின்னால் நிற்கிறவங்களும் வாங்க. நம்ம திருவண்ணாமலையில் தொண்ணூற்றாறாம் வருஷத் தை மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சின்னக் கதைதான். ஆனால் முடிகிற இடத்தில் நெஞ்சு ஒரு தரம் நின்று அடிக்கும்.

“அந்த ஆறாவது கம்பெனியை எடுத்துடும்மா. எடுத்துட்டு வேற எதையாவது போடு. எதுவானாலும் சரி!”

தேரடி வீதி மாடியில் முதலீட்டு ஏஜென்சி நடத்திய அன்புச்செல்வி, திங்கட்கிழமை காலையில் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த முருகையனைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்து அடி அண்ணாமலைக் கிராமத்துக்காரர். ஐம்பத்தாறு வயது. மெட்ராஸில் ஏதோ சர்க்கார் உத்தியோகம். சனி, ஞாயிறு ஊருக்கு வந்துவிட்டுத் திங்கட்கிழமை பஸ் ஏறுவார். மகள் எழிலின் கல்யாணத்துக்கென்று சேர்த்த ஒன்றரை லட்சத்தை அவள் மூலமாகத்தான், பலர் பணத்தைச் சேர்த்துக் கம்பெனிப் பங்கு வாங்கும் ஒரு டிரஸ்டில் போட்டிருந்தார்.

“இது அப்படி மாத்தற டிரஸ்ட் இல்ல சார். ஃபிக்ஸட் போர்ட்ஃபோலியோ. போடும்போதே படிச்சுப் படிச்சுச் சொன்னேன், தலையைத் தலையை ஆட்டுனீங்க.”

“அன்னைக்குத் தலைதான் ஆடிச்சு, காது கேக்கல. நேத்துதான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பட்டியலை முழுசாப் படிச்சேன். இப்பச் சொல்லு.”

“கிரிவலம் போறீங்க. இந்திர லிங்கத்துல ஆரம்பிச்சா ஈசானிய லிங்கம் வரைக்கும் எட்டு. எனக்குக் குபேரர் மட்டும் போதும், எம லிங்கம் வேணாம்னா நடக்குமா? அந்த மாதிரி, முதல் நாளே எட்டுக் கம்பெனிப் பங்கை வாங்கி உள்ள வெச்சாச்சு. அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணை எடுக்கவும் கூடாது, புதுசா ஒண்ணைச் சேர்க்கவும் கூடாது. ஏறினாலும் அதேதான், இறங்கினாலும் அதேதான். கடைசி நாள்ல எல்லாத்தையும் வித்து, போட்டவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துடுவாங்க.”

“மெட்ராஸ் ஆபீஸ்ல இருக்கற மேனேஜர் மனசு வெச்சா?”

“அவருக்கும் கையைக் கட்டியாச்சு. யாரும் இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னுதானே சார் இந்த ஏற்பாடே!”

முருகையன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். தைக் குளிரிலும் வேர்த்திருந்தது.

“பாதிப் பணம் அந்த ஆறாவதுலதானே இருக்கு?”

“ஆமா, சுடர்மணி கெமிக்கல்ஸ். எட்டுல அதுதான் யானை. ரேட்டு வேற ஜாஸ்தியாயிட்டே போவுது. குதிரை பறக்குது, நீங்க லாடம் கழண்டுடுமோன்னு அழறீங்க!”

“டிரஸ்ட் எப்ப முடியுது?”

“பங்குனியில. இன்னும் ரெண்டே மாசம். கல்யாணம் வைகாசியிலதானே? கை நிறைய வாங்கிட்டுப் போய்ப் பந்தக்கால் நடுங்க.”

“ரெண்டு மாசம்...” என்று முணுமுணுத்தார். “ரெண்டு மாசம் தாங்குமா?”

“யாரு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா?”

அவர் சிரிக்கவில்லை. “எத்தனை பேரும்மா உன்கிட்ட இதுல போட்டிருக்காங்க?”

“உங்க ஊரு, கீழ்பென்னாத்தூரு ரெண்டுலயும் சேர்த்து நாப்பத்திரண்டு குடும்பம். பூ கட்டற காசியம்மா, மல்லாட்டைக் கடலை விக்கற ராஜம்மா... ஏன், என் வளையலை வித்த காசும் அதுக்குள்ளதான் கிடக்குது.”

“நான் மட்டும் வெளிய வர வழி இருக்குதா?”

“இருக்கு. கால் வலிச்சா நீங்க பாதியில ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போயிடலாம். அதுக்காக லிங்கத்தைப் பேத்து எடுக்க முடியாது, அவ்வளவுதான். உங்க பேர்ல இருக்கற யூனிட்டை மட்டும் இன்னைய விலைக்குத் திருப்பிக் குடுங்க. ரெண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மியா வரும்.”

படிவத்தை நீட்டினாள். அவர் பெயரை எழுதினார், ஊரை எழுதினார். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.  பிறகு படிவத்தை நான்காகக் கிழித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

“வேணாம்மா.”

“என்ன சார் நீங்க! வீட்டுல வெள்ளையம்மா அக்கா திட்டுவாங்கன்னு பயமா?”

“திட்டுவா. திட்டட்டும்.” எழுந்து செருப்பை மாட்டினார். “பதினோரு மணி பஸ்ஸைப் புடிக்கணும். மன்னிச்சுக்கம்மா.”

ஒரு படிவம் வீணானதற்கா இவ்வளவு பெரிய மன்னிப்பு! அவர் படியிறங்கியதும், பக்கத்து அறையில் டைப் அடிக்கும் தனத்திடம், “காசைப் போட்டுட்டுப் பயந்தே சாவற மனுஷன்டி” என்று சொல்லிச் சிரித்தாள்.

புதன்கிழமை காலையில் அதே தனம் பேப்பரும் கையுமாக ஓடி வந்தாள். “அக்கா, இதைப் பாருங்க!”

சுடர்மணி கெமிக்கல்ஸ் ஆலைக்கு சீல். பாய்லர் எந்த நேரமும் வெடிக்கும் நிலையில் இருந்ததால் முன்னூறு தொழிலாளர்களும் வெளியேற்றம். பங்கு விலை தரைமட்டம்.

அன்புச்செல்வி பணம் போட்டவர்கள் பெயர் எழுதிய நோட்டை இழுத்துப் பிரித்தாள்.  நாற்பத்திரண்டு குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வாள்?

“அந்த முருகையன் சாருக்கு யாரோ முன்னாடியே சொல்லியிருக்காங்கடி! தெரிஞ்சும் தன் பணத்தையாவது எடுத்துக்கிட்டுப் போவலையே, பைத்தியக்கார மனுஷன்! ரெண்டே ரெண்டு மாசம்... எந்தப் பாவிக்கு அதுக்குள்ள அவசரம்?”

 தனம் செய்தியின் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

‘ஆலையை மூடும் உத்தரவில் திங்கட்கிழமை மாலை கையெழுத்திட்டவர், தொழிற்சாலை ஆய்வு அதிகாரி முருகையன்.’

உங்க வீட்டுக் கல்யாணமெல்லாம் ஒரு குறையும் இல்லாமல் நடக்கட்டும் கண்ணுங்களா. வேலைக்குப் போனவங்க எல்லாரும் விளக்கு வைக்கிறதுக்குள்ள முழுசா வீடு வந்து சேரட்டும்.