பின்னால் வந்த பூட்ஸ்

ஓக் மரத்தடிச் சேற்றில் மறுபடியும் அதே பூட்ஸ் தடம். எல்வியோ தன் காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கிட்டத்தட்ட அதே அளவு. நன்றாக வளர்ந்த ஆண்பிள்ளையின் கால்.

இன்னும் சரியாக விடியவில்லை. மண்ணுக்கடியில் விளைந்து பொன் விலைக்குப் போகும் ட்ரஃபிள் காளானுக்கு இதுதான் நல்ல பருவம். எந்த மரத்தடியில் விளைகிறது என்பதை அந்த மலைப்பக்கத்து ஆட்கள் கட்டிய மனைவியிடம்கூட மூச்சு விடமாட்டார்கள். சாகும்போது மகன் காதில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவதோடு சரி. எல்வியோவின் அப்பா அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்.

பின்னால் புதருக்குள் குச்சி முறியும் சத்தம் கேட்டது. காளானை மோப்பம் பிடித்து மண்ணைப் பிராண்டிக்கொண்டிருந்த அவருடைய நாய் பிர்பா தலையைத் திருப்பியது. குரைக்கவில்லை. வாலை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு மறுபடியும் பிராண்டத் தொடங்கியது.

"அடி துரோகி! அந்த ஓரெஸ்தே பார்ல உனக்குப் போடற சாசேஜ் துண்டு நல்லாவே வேலை செய்யுது!" என்று பல்லைக் கடித்தார் எல்வியோ.

ஓரெஸ்தேயும் ட்ரஃபிள் தேடுகிறவன்தான். அவனுடைய நாய்க்கு வயதாகி, இந்த வருஷம் மூக்கு சரியில்லை. சந்தேகப்பட இதற்கு மேல் என்ன வேண்டும்? எல்வியோ ஒன்றும் தோண்டாமல் நாயை இழுத்துக்கொண்டு கிளம்பினார். யாரும் தடம் பிடிக்கக் கூடாதென்று, வழக்கம்போல ஆற்றங்கரை வழியாக ஊரையே சுற்றிக்கொண்டு வீடு வந்தார்.

அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தது. மனைவி நீவெஸ் மேஜைமேல் வரைபடத்தை விரித்துவைத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கும் கூடை காலியா?"

"யாரோ ஒருத்தன் ஒரு வாரமா என் பின்னாலயே வர்றான். தோண்டினா இடம் தெரிஞ்சுபோயிடும். அதான் வந்துட்டேன்."

"அப்போ சும்மாதானே இருக்கே? அந்த மலை ஊருங்களுக்குப் போய்ட்டு வரலாமே."

"ஆரம்பிச்சிட்டியா!"

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பாத்திரம் கழுவறப்பல்லாம் ஜன்னல் வழியா அந்த ஊர் விளக்குங்களப் பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு ஊர்லயாவது கால வெச்சிருப்பேனா? வசந்தத்துல கேட்டா ஒரு காளான், கோடையில கேட்டா ஒரு காளான். நான் செத்ததுக்கப்புறம் கூட்டிட்டுப் போவியா?"

எல்வியோவுக்குச் சுருக்கென்றது. பாவம், அவள் கேட்பது ரோமும் வெனிஸும் இல்லை, எதிரே தெரிகிற மலைதான். ஆனால் அந்த மரங்களை அப்படியே போட்டுவிட்டு எப்படிப் போவது?

"பிர்பாவ ஓரெஸ்தே வீட்டுல விட்டுட்டுப் போலாம். அவன் பாத்துப்பான்" என்றாள் நீவெஸ்.

"அவன்கிட்டயா? திருடன் கையில சாவியக் குடுக்கச் சொல்றியா? போறதா இருந்தா பிர்பாவும் நம்மகூடத்தான் வரும்!"

சொன்ன மாத்திரத்தில் அவருக்குப் பொறி தட்டியது. காளான் பருவத்தில், நாயோடு ஒருவன் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறான் என்றால் இந்த ஊரில் யார் நம்புவார்கள்? புது இடத்தில் காளான் தோண்டப் போகிறான் என்றுதான் நினைப்பார்கள். பின்தொடர்கிறவன் தானாகவே பின்னால் வருவான். வரட்டும். மலை மலையாக அலையவிட்டால் ஆசை விட்டுப்போகும்.

உடனே பாருக்குப் போய் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். ஓரெஸ்தே கண்ணைச் சுருக்கினான்.

"இந்தக் குளிர்ல ஊர் பாக்கவா? நாயோடயா? யாருக்கய்யா காது குத்தறே?"

மீன் தூண்டிலைக் கடித்துவிட்டது என்று எல்வியோவுக்கு ஒரே குஷி. வீட்டுக்கு வந்து வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ரோக்கா ஸ்பீனா போலாம். அங்க மனுஷங்களவிடப் பூனைங்க ஜாஸ்தியாம்" என்றாள் நீவெஸ்.

"சரி."

"அதுக்கு மேல மொன்தெகூபோ. ஆனா அங்க பஸ்கூடப் போகாது."

"அப்போ கட்டாயம் போறோம்! அந்த ஏத்தத்துல அவன் ஓட்டை வண்டி மூச்சு வாங்கிச் சாகட்டும்."

"இன்னும் மேல ஒரு சின்ன ஊரு இருக்கு. ஒரு சத்திரம், ஒரு தேவாலயம், அவ்வளவுதான்."

"அதுக்கும் வட்டம் போடு."

நீவெஸ் மறுபேச்சில்லாமல் வட்டம் போட்டாள். எல்வியோ ஊருக்கு மேல் ஊராகச் சேர்த்துக்கொண்டே போனார். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு ஆசையாக எதற்கும் திட்டம் போட்டு அவள் பார்த்ததில்லை.

மறுநாள் காலை கார் கிளம்பியது. ஊர் கீழே இறங்கிப்போக, எல்வியோ கண்ணாடியில் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். வெறும் சாலை.

"ஒருத்தனையும் காணோமே. பய ரொம்ப ஜாக்கிரதையா வர்றான்."

"வந்தாச்சு, வந்தாச்சு. நீ முன்னால பாத்து ஓட்டு" என்றாள் நீவெஸ். காலணியைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"கால்ல என்ன?"

"கொப்புளம்."

"வீட்டுக்குள்ளயே இருக்கிறவளுக்குக் கொப்புளம் எப்படி வந்துது?"

நீவெஸ் கையைப் பின்னால் நீட்டி பிர்பாவின் தலையைத் தடவினாள். அது வாலை இரண்டு ஆட்டு ஆட்டியது.

"உன் பழைய பூட்ஸ் எனக்கு ரொம்பப் பெரிசு, எல்வியோ."