பத்து லட்சத்து ஒன்றுக்கு விழுந்த மாலை

பத்து லட்சத்து ஒன்று என்ற எண்ணுக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. ஒன்றைத் தவிர, தங்களைவிடச் சிறிய வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாதவர்களுக்குத்தான் பகா எண்கள் சபையில் மாலை விழும். அந்த மாலைக்காகத்தான் அது வந்திருந்தது.

சபையினர் வரிசையாக வந்து வகுத்தார்கள். இரண்டு வகுத்தது, ஒன்று மிஞ்சியது. மூன்று வகுத்தது, இரண்டு மிஞ்சியது. தொண்ணூற்றேழு வரை ஒவ்வொருவருக்கும் ஏதோ மிஞ்சியது.

"போதும்பா, இது நம்ம ஆள்தான்! மாலையை எடுங்க!" என்று கத்தியது மூன்று.

பத்து லட்சத்து ஒன்று ஆசையாகக் கழுத்தை நீட்டியது.

"மூன்றண்ணே, நான் இன்னும் வகுக்கலையே," என்றது அடுத்து நின்ற நூற்றொன்று.

"நீ ஒருத்தன்! சரி, சட்டுன்னு முடி."

நூற்றொன்று வகுத்தது. மீதி எதுவுமே இல்லை! நீட்டிய கழுத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று பத்து லட்சத்து ஒன்றுக்குத் தெரியவில்லை.

"ஈவு எவ்வளவு?" என்று மெல்லக் கேட்டது மூன்று.

"ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று."

"ஐயோ, அது நானாச்சே!" என்று பின்வரிசையிலிருந்து ஓர் எண் குதித்து ஓடி வந்தது. "நூற்றொன்றே, நம்ம ரெண்டு பேரையும் பெருக்கினா வர்ற பிள்ளைடா இது!"

இரண்டும் தங்கள் மாலைகளைக் கழற்றி, இன்னும் நீட்டியபடியே இருந்த அந்தக் கழுத்தில் போட்டன. ஒரு மாலைக்கு வந்த பத்து லட்சத்து ஒன்று, இரண்டு மாலையோடு வீடு திரும்பியது.