விளக்கில்லாத பெட்டி

கிரேக்கத் தீவின் மலைப்பாதையில், வளைவுக்கு வளைவு கம்பத்தின் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி நின்றது. உள்ளே எண்ணெய் விளக்கு, அந்த இடத்தில் விபத்தில் இறந்தவரின் போட்டோ. ஒவ்வொன்றையும் தாண்டும்போது பஸ்ஸில் இருந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சௌந்தரியும் சும்மா இருக்கவில்லை. ஊரில் கோயிலைக் கடக்கும்போது செய்வதுபோல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பாலத்தை ஒட்டிய வளைவில் மட்டும் ஒரு கையும் அசையவில்லை. அங்கிருந்த பெட்டி புத்தம் புதியது. விளக்கும் இல்லை, போட்டோவும் இல்லை. பழக்கதோஷத்தில் சௌந்தரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முன்சீட்டுப் பெண் சட்டென்று திரும்பி அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"என்னங்க, நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?"

"காலிப் பெட்டியப் போயி கும்பிட்டா?" என்று கணவர் ஞானவேல் சிரித்தார்.

சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பினார்கள். பாலத்து வளைவில் பெட்டிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போட்டோ மட்டும் இன்னும் வைக்கவில்லை. இந்த முறை எல்லாரும் சிலுவை போட்டார்கள். ஆனால் ஒருவரும் பெட்டியைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த ஞானவேலைப் பார்த்தார்கள்.

தானாகவே கன்னத்துக்கு எழுந்த கையை, சௌந்தரி மடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.